வண்டியில்தான் பழுது

அவரை எல்லோரும் கியர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பால் போடுகிறவர் முதல் வங்கி மேலாளர் வரை அதே பெயர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருந்ததோடு சரி. பட்டம் சும்மா வந்துவிடவில்லை. கியர் சரியாக விழவில்லை என்று யார் காரைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். இடது உள்ளங்கையைக் கியர் குமிழின்மேல் வைப்பார். பிடிக்க மாட்டார், வெறுமனே வைப்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளி இழுத்து, நியூட்ரலில் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். அரை நிமிடம்கூட ஆகாது. "புஷ் போயிடுச்சு" என்பார். இல்லாவிட்டால் "கேபிள்" என்பார். அதுவும் இல்லாவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு "உள்ள" என்பார். உள்ளே என்றால் கியர் பெட்டிக்குள்ளே. அதற்குமேல் வண்டிக்காரர் ஒரு நாற்காலி தேடி உட்கார வேண்டியதுதான்.

கார் ஓட்டுகிற பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது, கையில் பிடிக்கிற கோல் நேராகப் போய்ப் பல்சக்கரத்தில் மாட்டியிருக்கிறது என்று. அப்படியெல்லாம் இல்லை. கோலுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள்களும் நாலைந்து மூட்டுகளும் இருக்கின்றன. மூட்டுக்கு மூட்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம். அதைத்தான் புஷ் என்பது. அது தேய்ந்துபோனால் வாளித் தண்ணீரில் குச்சியை விட்டுக் கலக்குவதுபோல் கோல் ஆடும். மூன்றாவது எங்கே, ஐந்தாவது எங்கே என்று கைக்குப் பிடிபடாது. வேறு பட்டறைகளில் கியர் பெட்டியையே மாற்றச் சொல்லி அனுப்பிய வண்டிகளை, அந்த நகம் அளவு பிளாஸ்டிக்கை மாற்றிப் புது வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போக வைத்தவர் அவர். ஊரில் யாருக்கும் இல்லாத கருவி எதுவும் அவரிடம் இல்லை. அந்தக் கைதான்.

பேருந்துப் பணிமனையில் கியர் பெட்டிப் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்தார். பணிமனையை மூடியபோது கிடைத்ததை வைத்து ரயில் பாதை ஓரமாகத் தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்தார். அதில் பாதி அவருக்கு, பாதி மச்சினருக்கு. மச்சினர் என்றால் மனைவியின் தம்பி. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். கொட்டகையின் ஒரு பக்கம் கிரீஸ் நாற்றம், மறுபக்கம் தின்னர் நாற்றம், நடுவே ஒரு கிழிந்த தார்ப்பாய். மச்சினருக்கு மாமாவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. வண்டிக்காரர்களிடம், "எங்க மாமா கை பார்க்க மாட்டார், கையால பார்ப்பார்" என்று விளம்பரம் வேறு செய்வார். மாமாவும் சளைத்தவரில்லை. காரின் ஒரு கதவு ஒரு நிறம், மறு கதவு இன்னொரு நிறம் என்று அடித்துக் கொடுத்த கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத ஆட்கள்.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிற ஹேட்ச்பேக். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டி. பதினெட்டு வயது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் புதுக் கார் வாங்கியபோது அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவரும் சந்தோஷமாகவே கட்டிக்கொண்டார், ஏனென்றால் அது மகளுக்கு. ஒரே மகள். தண்ணீர் பரிசோதிக்கிற படிப்பு கடைசி வருடம். வேலை கிடைத்ததும் ஏரி, கிணறு, குழாய் என்று அலைய வேண்டியிருக்கும், மாதிரி பாட்டில்கள் அடுக்கின பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் தொங்க முடியாது என்று அவரே முன்கூட்டி யோசித்து வாங்கிப் போட்டார். வண்டியில் மற்றதெல்லாம் பரவாயில்லை. கியர்தான் படு மோசம். மருந்துக்கடைக்காரர் கடைசி எட்டு வருடம் ஒரு சொட்டு கிரீஸ் காட்டாமல் ஓட்டியிருந்தார்.

கியர்காரர் சிரித்தார். யானையை விழுங்கியவனிடம் கொசுவைக் காட்டியதுபோல் இருந்தது அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். கேபிள் முனைகளில் இருந்த புஷ்கள் பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தன. புதிது போட்டு, கோலின் அடிக்குழியில் கிரீஸ் வைத்து, கேபிளின் நீளத்தைச் சரிபார்த்து மதியத்துக்குள் முடித்தார். ஓட்டிப் பார்த்தபோது கியர் டக் டக்கென்று விழுந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தார். அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பழைய ஆட்டம் திரும்பி வந்துவிட்டது.

இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது கோல் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. ஒருமுறை சந்தையின் திருப்பத்தில் மூன்று என்று நினைத்துத் தள்ளியது ஐந்தில் விழுந்து வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். கியர்காரர் திட்டுவாங்கிக்கொண்டே கோலை முறைத்துப் பார்த்தார். புது புஷ் மட்டம் என்று முடிவு கட்டினார். கழற்றினார். ஒன்றில் லேசான தேய்மானம் தெரிந்தது. அதைக் கண்டதும் அவருக்கு நிம்மதி. வேறு கடையில் வேறு புஷ் வாங்கிப் போட்டார். மூன்று வாரம் கழித்து இரண்டு கேபிளையும் மாற்றினார். அதன்பிறகு கோலின் அடித்தட்டை. அதன்பிறகு இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தேய்மானம் கிடைத்தது. பதினெட்டு வயது வண்டியில் தேடினால் கிடைக்காமலா போகும்? தேடுகிறவர் மட்டும் அதை யோசிக்கவில்லை.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாலு மணி நேரத் தொலைவில் ஒரு மலையடிவார ஊர். வாராவாரம் போனில் வண்டி எப்போது என்று கேட்பாள். அடுத்த வாரம் என்பார். அந்த அடுத்த வாரம் நாலு மாதமாக வந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருந்து மாறிப் போகிறாள் என்று மனைவி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மலைப்பாதையில் லாரியைத் தாண்டுகிற நேரத்தில் மூன்றுக்குப் பதிலாக ஐந்து விழுந்தால் வண்டி இழுக்காது, எதிரே வருகிறவன் நிற்க மாட்டான், பிள்ளையைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள், பரவாயில்லையா என்று கேட்பார். அவருடைய பயம் பொய்யில்லை.

மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். பள்ளிச் சீருடை, பாவாடை, தலையணை உறை எல்லாம் அங்கேதான். மெஷினைத் தாண்டித்தான் யாரும் வீட்டுக்குள் வரவேண்டும், வெளியே போகவேண்டும். தைக்கிறவர்களுக்குக் கண் கூர்மை. ஒரு நாள் கியர்காரர் சட்டையைப் போட்டபோது பொத்தான்களுக்குப் பதிலாக அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பிரஸ் பட்டன்கள் இருந்தன. இது என்ன புதுசு என்று கேட்டார். கடையில் பொத்தான் தீர்ந்துபோச்சு என்றாள். ஒரே மாதத்தில் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் பொத்தான் தீர்ந்துபோனது. மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று மச்சினர் கேலி செய்தார். இவரும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் மாட்ட முடிகிறது, நல்லதுதான் என்று விட்டுவிட்டார்.

அந்த மச்சினரும் திடீரென்று மாறிப்போனார். இருபது வருடமாகக் கியர் பெட்டியைத் தொட்டால் தோஷம் என்று ஒதுங்கி நின்றவர், இப்போது இவர் ஜாக்கியை எடுத்தாலே பிரஷை வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு கை பிடித்தார். ஸ்பேனர் கீழே விழுந்தால் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஸ்பேனர் அடிக்கடி விழத்தான் செய்தது. கையில் எண்ணெய் என்பார் கியர்காரர். தேநீர் கோப்பை இரண்டு உடைந்தன. கோப்பைக் காது வழுக்குகிறது என்பார். வலது கைதான் திருகுகிற கை. இடது கை பிடித்துக்கொள்கிற கை. பிடித்துக்கொள்கிறதை யார் கவனிக்கிறார்கள்?

மச்சினர் ஒருமுறை அந்தக் காரை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய்வந்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கியரில் தனக்குக் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது என்றார். "உனக்குப் பிரஷ் பிடிக்கத்தான் தெரியும் மாப்ள" என்று கியர்காரர் அவர் வாயை அடைத்தார். மச்சினர் பதிலுக்குப் பதில் சொல்லுகிற ஆள். அன்று மட்டும் தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதன்பிறகு மற்ற வண்டிகளிலும் ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. வருகிற வண்டியிலெல்லாம் கோல் தொளதொளவென்று இருந்தது. இப்போது வருகிற பிளாஸ்டிக்கே சரியில்லை, எல்லாக் கம்பெனிக்காரனும் ஏமாற்றுகிறான் என்று உலகத்தைத் திட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வண்டிக்கு அடியில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். இவர் வழக்கம்போல உட்கார்ந்து குமிழில் கையை வைத்தார், புஷ் என்றார், மாற்றினார். மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். கியர் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது, தான் வந்தது சத்தத்துக்காக, சத்தம் அப்படியே இருக்கிறது என்று வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். சைலன்சர் மேல் தகட்டில் ஒரு திருகு கழன்றிருந்தது, அவ்வளவுதான். அவர் போன பிறகு கியர்காரர் குப்பை டப்பாவைக் கவிழ்த்து, கழற்றிப் போட்ட புஷ்ஷைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணுக்குத் தெரியாமல் பிளாஸ்டிக் இளகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நேராகக் கொட்டகைக்கே வந்தாள். தோளில் பெட்டியின் பட்டை அழுத்திய தழும்பு சிவப்பாக இருந்தது. வண்டி எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று நின்றாள். அவர் மறுத்தார். அவள் பிடிவாதத்துக்கு யார் காரணம் என்று தேடிப் போக வேண்டியதில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. அவள் ஓட்டட்டும், இவர் பக்கத்தில் உட்காரட்டும், கியர் எவ்வளவு மோசம் என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்தது அபூர்வம். காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மகள் கிளப்பினாள். ரயில்வே கேட் தாண்டி, பள்ளிக்கூட மதிலைத் தாண்டி மேட்டுச் சாலையில் ஏறினாள். இரண்டு. மூன்று. நான்கு. மறுபடி மூன்று. இரண்டு விரலால் தள்ளிக்கொண்டு, வேலை பார்க்கிற இடத்தில் யாரோ ஒருத்தி பாட்டில்களுக்குத் தப்பாகச் சீட்டு ஒட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கதையைக் கேட்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருக்குப்பா" என்றாள். "இதுல என்ன கோளாறு?"

ஓரமாக நிறுத்தச் சொன்னார். இன்ஜினை அணைக்கச் சொன்னார். இறங்கிச் சுற்றி வந்து பார்க்கப் பொறுமை இல்லை. இருந்த இடத்திலேயே கையை நீட்டினார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் கியருக்குக் கிட்ட இருப்பது வலது கை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வண்டியின் கியர் குமிழை அவர் வலது கையால் தொட்டதே இல்லை. தொட்டார். ஒன்று, அடுத்து இரண்டு. மூன்றில் தள்ளியபோது கோல் போய்த் தன் குழியில் உட்கார்ந்தது. ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. நியூட்ரலில் ஆட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் எங்கே முட்டுகிறது என்று கைக்கு அச்சாகத் தெரிந்தது. பணிமனையில் புது வண்டியில்கூட அவர் இப்படி ஒரு கியரைப் பார்த்ததில்லை.

உடம்பைத் திருப்பி, இடது கையைக் கொண்டுவந்து அதே குமிழின்மேல் வைத்தார். தள்ளினார். வாளித் தண்ணீர்.

மறுபடி வலது கை. மறுபடி இடது கை. பட்டறையில் ஒரு பாகத்தின்மேல் சந்தேகம் வந்தால் நல்ல பாகம் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பழுது எங்கே என்று அத்தோடு தெரிந்துவிடும். அவருக்கும் தெரிந்துவிட்டது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு முதல்முறையாகப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாகிக் கிடந்தது. அந்த வண்டியை அஞ்சு தடவை பிரித்துப் பார்த்தவர், கையை ஒரு தடவை பார்க்கவில்லை.

மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சரியாத்தான் இருக்கு. நாளைக்கே எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

மறுநாள் காலை அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று கையாட்டினார், வலது கையால். இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது.

மனைவியிடம், விரல் கொஞ்சம் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டபோது, அவள் ஏன் என்று கேட்கவில்லை. மெஷினில் இருந்த சீருடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அந்த அவசரத்தை அவர் அப்போது கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எடுத்தார்கள். ஊசியால் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார்கள். கையில் கம்பிகளை ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த வாரம் முடிவு சொல்லக் கூப்பிட்டபோது மனைவி மருந்துச் சீட்டு வரிசையில் நின்றிருந்தாள். அவர் தனியாகத்தான் உள்ளே போனார். நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண், மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினாள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் வண்டிக்கு அடியில் படுத்துக் கழுத்தைத் தூக்கியே வேலை செய்த பலன். அவருக்கு அது சட்டென்று புரிந்தது. எலும்பு மெத்தையும் புஷ் மாதிரிதான்.

எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று மாதம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். சதை இப்படி வற்றுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றாள். ஆபரேஷன் செய்யலாம், செய்தால் இதற்குமேல் மோசமாகாமல் நிற்கும், வலது கைக்குப் பரவாது. போனது திரும்பாது.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பழுது பார்க்கிற எவனும் கேட்கிற கேள்வி அது.

"ஒரு எட்டு ஒன்பது மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கையைக் காப்பாத்தியிருக்கலாம். உங்க வேலையைப் பார்க்கிற அளவுக்கு நிச்சயமா இருந்திருக்கும்" என்றாள் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினார்கள். உட்கார இடம் கிடைத்தது. மனைவி ஜன்னலோரம், அவர் இந்தப் பக்கம். மடியில் படம் வைத்த பெரிய உறை. ஆபரேஷன் பற்றிச் சொன்னார், கை பழையபடி வராது என்பதையும் சொன்னார். இனிமேல் கொட்டகையில் அவர் என்ன செய்வார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் அவரை வேறு எதற்காகவும் தேடி வந்ததில்லை, அந்த ஒரு கைக்காகத்தான் வந்தார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டு நிறுத்தம் போன பிறகு மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். தனக்குப் போன வருடமே தெரியும் என்றாள். சட்டைப் பொத்தானோடு அவர் காலையில் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதை மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். அதனால்தான் பொத்தானையெல்லாம் மாற்றினாளாம். பாரம் தூக்க விடாதே என்று தம்பியிடம் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"வண்டியிலதான் கோளாறுன்னு நீங்க நம்பிக்கிட்டு இருந்தீங்க. வந்ததும் வராததுமா அதைப் பத்தியே பேசுவீங்க, அடுத்து எதை மாத்தணும்னு. நல்லா சாப்பிட்டீங்க, நல்லா தூங்குனீங்க. கையிலதான் கோளாறுன்னு சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல" என்றாள். "இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே ஒரு வருஷம் போச்சுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வருடம். இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருடத்துக்கு முன்னால் அந்த டாக்டர் முன் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை. பொத்தான் மாற்றத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்கத் தெரியாமல் போயிற்றா? அவர் முன்சீட்டின் கம்பியை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஓட்டுநர் மூன்றாவதைப் போட்டார், நன்றாகவே போட்டார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வெறும் பயம் மட்டும் இருந்தது. முப்பது வருடத்தில் அவளை அவர் இப்படிப் பார்த்ததில்லை, மகள் பிறக்கச் சிரமப்பட்ட அன்றுகூட.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். "முன்னாடியே வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாமான்னு?"

கேட்டேன் என்றார்.

"என்ன சொன்னாங்க?"

அவர் உறையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

"எப்ப வந்திருந்தாலும் இதேதான்னாங்க" என்றார். "இது உள்ள ஆரம்பிச்சப்பவே முடிஞ்சுபோச்சாம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா, ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீ சொல்லாததும் நல்லதுக்குத்தான். ஒரு வருஷம் நிம்மதியா இருந்தேன்ல."

அவள் அதை நம்பினாள். நம்பிய பிறகுதான் அழவே ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போகிற வரைக்கும் அழுதாள். அவரும் பேருந்தை நிறுத்தச் சொல்லவில்லை.